அப்ஸேன்ஸ், அப்ஸென்டிஸ்: 'ஆப்சென்ட்' வந்த வழியும் அதன் வேற்றுமை வடிவங்களும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

இலத்தீன் கற்கத் தொடங்கியவர்கள் கேட்பது ஒரு வகை, வருகைப் பதிவேட்டில் 'ஆப்சென்ட்' போட்டே பழகியவர்கள் கேட்பது இன்னொரு வகை. இரண்டுக்கும் சேர்த்து இங்கே பதில். இலத்தீன் சொற்களைத் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன். குறில் நெடிலைக் கவனித்துப் படியுங்கள், இந்தச் சொல்லில் பாதிக் கதை அதில்தான் இருக்கிறது. 'ட்' என்று எழுதியிருப்பது ரோமர் வாயில் நம் 'த்'துக்கு நெருக்கமான பல்லொலி. 'சென்டம்' என்று எழுதிப் பழகிய கைக்கு ட் தான் வருகிறது.

'ஆப்சென்ட்' எந்தச் சொல்லிலிருந்து வந்தது?

'அப்ஸேன்ஸ்' என்ற இலத்தீன் சொல்லிலிருந்து. பிரெஞ்சு வழியாக 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலத்துக்குப் போய், அங்கிருந்து நம் பள்ளிக்கூடங்களுக்கு வந்தது. மூல வினை 'அபெஸ்ஸெ'. 'அப்' என்றால் அப்பால், விலகி. 'எஸ்ஸெ' என்றால் இருத்தல். ஆக, விலகி இருத்தல், இங்கே இல்லாமல் இருத்தல். 'அப்ஸும்' என்றால் நான் விலகி இருக்கிறேன், 'அபெஸ்ட்' என்றால் அவன் அல்லது அவள் இங்கே இல்லை. இறந்த காலத்தில் 'ஆஃபுயீ' ஆகிவிடும். ஃப் வந்ததும் 'அப்'பின் மெய் மறைந்து, முன்னால் நின்ற உயிர் நீண்டுவிட்டது.

இந்த வினையின் நிகழ்கால எச்சப் பெயரடைதான் 'அப்ஸேன்ஸ்': இல்லாத, இல்லாதவன், இல்லாதவள், இல்லாதது.

எச்சப் பெயரடை என்றால் நம் பெயரெச்சமா?

பாதி பெயரெச்சம், பாதி வினையாலணையும் பெயர். 'இல்லாத நண்பனை' என்று சொல்லும்போது நம் பெயரெச்சமான 'இல்லாத' அசையாமல் அப்படியே நிற்கிறது. வேற்றுமை உருபு முழுவதும் 'நண்பன்' தலையில். 'இல்லாதவனை' என்று சொன்னால் அதுவே வினையாலணையும் பெயராகி உருபை ஏற்றுக்கொள்கிறது. இலத்தீனில் இந்த இரண்டு வேலையையும் ஒரே சொல் செய்யும். பெயருக்கு முன்னால் அடையாக நின்றாலும் வேற்றுமை ஏற்கும், தனியாக நின்றாலும் ஏற்கும்.

இப்படி இரு பக்கமும் கால் வைத்திருப்பதால்தான் இதற்கு இலத்தீனில் 'பர்டிகிபியும்', அதாவது பங்கெடுப்பது என்று பெயர். பெயரிடமிருந்து வேற்றுமையையும் வினையிடமிருந்து காலத்தையும் எடுத்துக்கொள்கிறது. சொற்களை வேற்றுமை ஏற்பவை, காலம் காட்டுபவை, இரண்டும் உள்ளவை, இரண்டும் இல்லாதவை என்று ரோம மொழி அறிஞர் வர்ரோ நான்காகப் பிரித்தார். அதில் மூன்றாவது கூடை இது.

முழு வேற்றுமை வடிவங்களையும் தர முடியுமா?

தரலாம். ஆண்பால், பெண்பால் இரண்டுக்கும் எல்லா இடத்திலும் ஒரே வடிவம். அஃறிணைப் பால் முதல் வேற்றுமையிலும் இரண்டாம் வேற்றுமையிலும் மட்டும் மாறும்.

ஒருமை:
முதல் வேற்றுமை (விளியும் இதுவே): அப்ஸேன்ஸ், மூன்று பாலுக்கும்
இரண்டாம் வேற்றுமை (ஐ): அப்ஸென்டெம்; அஃறிணைக்கு அப்ஸேன்ஸ்
நான்காம் வேற்றுமை (கு): அப்ஸென்டீ
ஆறாம் வேற்றுமை (அது, உடைய): அப்ஸென்டிஸ்
நீங்கல், கருவி, இடம்: அப்ஸென்டெ அல்லது அப்ஸென்டீ

பன்மை:
முதல் வேற்றுமை: அப்ஸென்டேஸ், அஃறிணைக்கு அப்ஸென்டிய
இரண்டாம் வேற்றுமை: அப்ஸென்டேஸ் அல்லது அப்ஸென்டீஸ், அஃறிணைக்கு அப்ஸென்டிய
ஆறாம் வேற்றுமை: அப்ஸென்டியும்
நான்காம் வேற்றுமையும், நீங்கல் முதலியவையும்: அப்ஸென்டிபுஸ்

நம் மூன்றாம், ஐந்தாம், ஏழாம் வேற்றுமைகள் செய்வதை இலத்தீனில் 'அப்லாடிவ்' என்ற ஒரே வேற்றுமை இழுத்துப்போட்டுச் செய்கிறது. அதற்குத் தனி எண் கொடுக்காமல் 'நீங்கல், கருவி, இடம்' என்று எழுதியது அதனால்தான்.

பன்மையின் 'டீஸ்' பழைய வடிவம். 'டேஸ்' பின்னால் பரவி அதைத் தள்ளிவிட்டது. ஆறாம் வேற்றுமைப் பன்மையில் 'அப்ஸென்டும்' என்று 'இய்' இல்லாமலும் பழைய நூல்களில் வரும். ரோம நாடகாசிரியர் பிளவுட்டஸின் 'ஸ்டிகுஸ்' நாடகத் தொடக்கத்தில், வெளியூர் போன கணவர்களைப் பற்றி இரு சகோதரிகள் பேசும் இடத்தில் இருப்பது இந்த வடிவம்தான்.

ஆண்பால், பெண்பால் ஒரே வடிவம் என்றால் குழப்பம் வராதா?

வராது, மற்ற சொற்கள் காட்டிக்கொடுத்துவிடும். ரோமக் கவிஞர் வர்ஜிலின் 'ஈனிட்' காவியம், நான்காம் காண்டம் 83ஆம் வரியைப் பாருங்கள். விருந்து முடிந்து எல்லாரும் போய்விட்டார்கள். கார்தேஜின் அரசி டைடோ மட்டும் வெறிச்சோடிய வீட்டில் கிடக்கிறாள். அவள் காதல் கொண்ட ஈனியஸ் அங்கே இல்லை.

இல்லும் அப்ஸேன்ஸ் அப்ஸென்டெம் அவுடிட்க்வெ விடெட்க்வெ.

'இல்லும்' என்றால் 'அவனை' (நம் 'இல்லை'யோடு சம்பந்தம் இல்லை, தற்செயல்). 'அப்ஸேன்ஸ்' முதல் வேற்றுமை, ஆகவே எழுவாயான டைடோவைச் சேர்ந்தது: அவனிடமிருந்து விலகி இருக்கும் இவள். 'அப்ஸென்டெம்' இரண்டாம் வேற்றுமை, 'இல்லும்' என்பதோடு சேர்ந்தது: விலகி இருக்கும் அவனை. மிச்சம் இரண்டும் 'கேட்கிறாள், காண்கிறாள்'. எதிரில் இல்லாதவனை, அவன் எதிரில் இல்லாத இவள், கேட்கவும் காணவும் செய்கிறாள். தமிழில் இதற்கு ஒரு வாக்கியமே தேவைப்படுகிறது. வர்ஜில் ஒரே சொல்லை இரண்டு வேற்றுமையில் அடுத்தடுத்து வைத்து முடித்துவிட்டார். பிரிந்த இருவரும் அந்த வரியில் மட்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறார்கள். வடிவங்களை மனப்பாடம் செய்யச் சலித்துக்கொள்கிறவர்களுக்கு நான் காட்டுவது இந்த வரியைத்தான்.

'அப்ஸென்டெ' எப்போது, 'அப்ஸென்டீ' எப்போது?

வினைத்தன்மையோ பெயர்த்தன்மையோ இருந்தால் எகரம், வெறும் பெயரடையாக நின்றால் ஈகாரம். 'மே அப்ஸென்டெ' என்றால் 'நான் இல்லாதபோது'. இங்கே உள்ளே ஒரு முழு வாக்கியம் ஒளிந்திருக்கிறது, ஆகவே எகரம். செய்யுளில் அசைக் கணக்குக்காகக் கவிஞர்கள் இதை மீறுவார்கள். தேர்வு எழுதுகிறவர் மீற வேண்டாம்.

முதல் வேற்றுமையில் 'ஸேன்', மற்ற இடத்தில் 'ஸென்'. இது அச்சுப் பிழையா?

இல்லை. இலத்தீனில் 'ன்ஸ்' என்ற கூட்டுக்கு முன்னால் வரும் உயிர் நீளும், 'ன்ட்' என்ற கூட்டுக்கு முன்னால் குறுகும். அதனால் அப்ஸேன்ஸ், ஆனால் அப்ஸென்டிஸ். ஸ், ஃப் ஆகியவற்றுக்கு முன்னால் 'இன்' என்ற முன்னொட்டு நீண்டு ஒலிக்கிறது, மற்ற இடத்தில் குறுகியே ஒலிக்கிறது என்று ரோமின் பெரும் பேச்சாளர் சிசரோவே 'ஓராடொர்' நூலில் கவனித்து எழுதியிருக்கிறார். காரணம், 'ஸ்'க்கு முன் நகர மெய் தேய்ந்து, அதன் மாத்திரை முந்தைய உயிரில் ஏறிக்கொண்டது. 'கோன்ஸுல்' என்ற பதவிப் பெயரைப் பழைய கல்வெட்டுகளில் 'கோஸோல்' என்று வெட்டியிருப்பது அந்தத் தேய்வுக்குச் சான்று.

எ, ஏ இரண்டுக்கும் தனி எழுத்து வைத்திருக்கும் நமக்கு இதைக் காட்டுவது எளிது. ரோமர்கள் இரண்டையும் ஒரே எழுத்தால்தான் எழுதினார்கள். இன்றைய பாடநூல்களில் தலைக்கு மேல் கோடு போட்டு நெடிலைக் காட்டுகிறார்கள்.

எழுத்தில் மெல்லிய 'ப்' (b), உச்சரிப்பில் வல்லிய 'ப்' (p) என்கிறார்களே?

ஆமாம். 'ஸ்'க்கு முன்னால் நின்றதால் அது வல்லெழுத்தாகவே ஒலித்தது. 'ஒப்டினுயிட்' என்ற சொல்லில் இதே சிக்கலை ரோமப் பேச்சுக்கலை ஆசிரியர் குவின்டிலியன் சொல்கிறார்: அறிவு கேட்பது ஒரு எழுத்து, காது கேட்பது இன்னொன்று. தமிழில் இரண்டுக்கும் ஒரே ப என்பதால் நமக்கு இந்தத் தலைவலி இல்லை.

'எஸ்ஸெ' என்ற வினைக்கு, முன்னொட்டு இல்லாமல், நிகழ்கால எச்சம் என்ன?

இந்தப் பக்கத்திலேயே எனக்குப் பிடித்த கேள்வி இது. பதில்: செம்மொழிக் கால இலத்தீனில் அப்படி ஒன்று வழக்கில் இல்லை. 'இருக்கிற', 'இருப்பவன்' என்று ஒரே சொல்லில் சொல்ல ரோமருக்கு வழியில்லாமல் இருந்தது. 'நடக்கிற' உண்டு, 'பேசுகிற' உண்டு, 'இல்லாத' கூட உண்டு, 'இருக்கிற' கிடையாது.

ஆதியில் இருந்தது. அது 'ஸோன்ஸ்' என்ற வடிவில் தங்கியிருக்கிறது. ஆனால் அதன் பொருள் 'குற்றவாளி' என்று ஆகிவிட்டது. எதிர்ச்சொல் 'ஈன்ஸோன்ஸ்', குற்றமற்றவர். 'செய்தது யார்?' என்ற விசாரணையில் 'அது இவன்தான்', 'ஆம், உண்மைதான்' என்று ஆன ஆள்தான் 'ஸோன்ஸ்' என்று விளக்குவார்கள். ஆக, 'இருப்பவன்' நீதிமன்றத்தில் மாட்டிக்கொண்டு வினையோடு உறவு அறுந்துபோனான். முன்னொட்டோடு ஒட்டிக்கொண்டிருந்த 'அப்ஸேன்ஸ்', 'ப்ரைஸேன்ஸ்' இரண்டும் பிழைத்தன. பன்னிரு தெய்வங்களைக் குறிக்கும் 'கோன்ஸென்டேஸ்' என்ற பெயரையும் 'சேர்ந்திருப்பவர்கள்' என்று கொண்டு இந்தக் கூட்டத்தில் சேர்ப்பவர்கள் உண்டு. ரோமின் பழைய சந்தைத் திடலில், கேபிடலைன் குன்றின் அடிவாரத்தில், அந்தத் தெய்வங்களுக்கான தூண் மண்டபம் இன்றும் நிற்கிறது. கி.பி. 367இல் அதைப் புதுப்பித்தபோது பொறித்த கல்வெட்டில் 'கோன்ஸென்டியும்' என்று ஆறாம் வேற்றுமைப் பன்மை இருக்கிறது. மேலே பட்டியலில் பார்த்த அதே 'இயும்'.

கிரேக்கத் தத்துவத்தை மொழிபெயர்க்கப் போனபோதுதான் இந்த ஓட்டை பெரிதாகத் தெரிந்தது. கிரேக்கத்தில் 'டொ ஒன்', உள்ளது, என்று சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ரோமத் தத்துவ அறிஞர் செனெகா தன் 58ஆம் கடிதத்தில் இதைச் சொல்ல முடியாமல் திணறி, கடைசியில் 'க்வொட் எஸ்ட்', 'எது இருக்கிறதோ அது', என்று இரண்டு சொல்லில் சமாளிக்கிறார். அதே கடிதத்தில் 'எஸ்ஸென்டிய' என்ற சொல்லைப் பயன்படுத்த அனுமதி கேட்டு, இது சிசரோ சொன்னது, காது கொடுத்துக் கேட்டுக்கொள்ளுங்கள் என்று கெஞ்சாத குறை.

'ஏன்ஸ்' என்றும் ஒரு வடிவத்தைச் செய்து பார்த்தார்கள். சீசர் அதைக் கையாண்டார், 'பொடேன்ஸ்' இருப்பதுபோல இதுவும் இருக்கலாம், பொருந்தாமல் இல்லை என்கிறார் கி.பி. 500 வாக்கில் கான்ஸ்டான்டிநோபிளில் இலக்கணம் கற்பித்த பிரிஸ்கியன். குவின்டிலியனுக்கோ 'ஏன்ஸ்', 'எஸ்ஸென்டிய' இரண்டுமே கரடுமுரடாகப் பட்டன. எனக்கும் அவர் பக்கம்தான் சாய்வு. 'இரு' என்ற வினையின் வேர் 'ஸ்'. அதை வெட்டிவிட்டு விகுதியை மட்டும் வைத்தால் கிடைப்பது 'ஏன்ஸ்'. 'அப்ஸேன்ஸ்' என்பதிலிருந்து ஒழுங்காகப் பிரித்திருந்தால் 'ஸேன்ஸ்' அல்லவா வந்திருக்க வேண்டும்! ஆனால் இடைக்காலத் தத்துவ ஆசிரியர்கள் 'ஏன்ஸ்' இல்லாமல் ஒரு பக்கம் எழுதவில்லை. 'என்டிட்டி' என்று மென்பொருள்காரர்கள் இன்று சொல்வது அதன் பேரப்பிள்ளை.

வேடிக்கை என்னவென்றால், நிகழ்கால எச்சம் இல்லாத இதே வினைக்கு எதிர்கால எச்சம் உண்டு: 'ஃபுடூருஸ்', இருக்கப்போகிறவன். ஆங்கிலத்தின் 'ஃபியூச்சர்' அதிலிருந்து வந்தது.

வடமொழியின் 'சத்' இதற்கு உறவா?

நேர் உறவு. வடமொழியில் 'அஸ்', இரு, என்ற வேரின் நிகழ்கால எச்சம்தான் 'ஸத்': இருப்பது, உள்ளது, ஆகவே உண்மையானது, நல்லது. இரண்டாம் வேற்றுமை 'ஸந்தம்', பெண்பால் 'ஸதீ'. அதிலிருந்து சத்தியம், சச்சிதானந்தம், சைவ சித்தாந்தத்தின் சத்து, அசத்து, சதசத்து எல்லாம் நமக்கு வந்தன. இலத்தீன் தொலைத்துவிட்டுத் தேடிய சொல்லை வடமொழி பத்திரமாக வைத்திருந்தது. பெண்பாலுக்குத் தனி வடிவமும் அங்கே உண்டு. கிரேக்கத்திலும் 'ஊஸ' என்று உண்டு. இலத்தீனில்தான் அது ஆண்பாலோடு கலந்துபோனது.

'ஸத்' எங்கே, 'ஸென்ட்' எங்கே, நடுவில் இருக்கும் ன் எப்படிப் போயிற்று என்று கேட்பீர்கள். மூல இந்தோ-ஐரோப்பிய மொழியில் அந்த இடத்தில் உயிரே இல்லை. நகர மெய்யே உயிரின் இடத்தில் நின்று அசையாக ஒலித்தது. அது வடமொழியில் வெறும் 'அ' ஆயிற்று, இலத்தீனில் 'என்' ஆயிற்று. மகர மெய் அப்படி நின்ற இடத்திலும், பின்னால் ட் வந்தால், விளைவு இதேதான். நூறு என்பதற்கு வடமொழியில் 'சதம்', இலத்தீனில் 'கென்டும்'. கிரிக்கெட் வீரர் அடிப்பது சதம், கணக்குத் தேர்வில் பையன் எடுப்பது சென்டம். இரண்டும் ஒரே சொல்லின் இரண்டு வேடம். சதத்துக்கு சென்டம் எப்படியோ, 'ஸத்'துக்கு 'ஸென்ட்' அப்படி.

அப்படியானால் 'ஆப்சென்ட்' என்பதும் 'அசத்து' என்பதும் ஒன்றா?

இல்லை. 'அசத்து' என்பதில் உள்ள 'அ' எதிர்மறை. 'அப்ஸேன்ஸ்' என்பதில் உள்ள 'அப்' விலகலைக் குறிப்பது. அதன் வடமொழி உறவு 'அப', அதாவது அபகரித்தல், அபசாரம் ஆகியவற்றில் வருவது. ஆப்சென்ட் ஆனவர் எங்கோ இருக்கிறார், இங்கே இல்லை, அவ்வளவுதான்.

'ப்ரைஸேன்ஸ்' இதற்கு நேர் எதிர்தானே?

பொருளில் ஆம். பிறப்பில் ஒரு கோணல் உண்டு. 'ப்ரை' (முன்) சேர்ந்த 'ப்ரைஸும்' என்ற வினைக்கு 'தலைமை ஏற்றிருக்கிறேன்' என்று பொருள். 'ப்ரைஸேன்ஸ்' அந்தப் பொருளை விட்டுவிட்டு 'கண்முன் இருக்கிற' என்று நின்றுகொண்டது. 'அட்ஸும்', வந்திருக்கிறேன், என்ற வினைக்குச் சொந்தமாக நிகழ்கால எச்சம் இல்லாததால் அதற்கும் இதுவே வேலை செய்கிறது.

நிகழ்கால எச்சம் என்கிறீர்கள். 'மே அப்ஸென்டெ' என்றால் நேற்று நடந்ததையும் சொல்லலாமா?

தாராளமாக. அந்த 'நிகழ்காலம்' வாக்கியத்தின் முற்றுவினையோடு ஒத்துப்போகும் காலம். நேற்று நடந்தால் நேற்று நான் இல்லாதபோது, நாளை என்றால் நாளை நான் இல்லாதபோது.

டெரன்ஸ் நாடகத்தில் 'அப்ஸென்டெ நோபீஸ்' என்று ஒருமையும் பன்மையும் கலந்து வருகிறதே, பிழையா?

கி.மு. 161இல் மேடையேறிய 'யூனுகுஸ்' நாடகத்தில் உள்ள வரி அது: நாம் இல்லாத நேரத்தில் வீட்டில் ஏதோ கலாட்டா நடந்திருக்கிறது. 'நோபீஸ்', நாம், பன்மை. இலக்கணப்படி 'அப்ஸென்டிபுஸ்' வர வேண்டும். ஆனால் பேச்சுவழக்கில் 'அப்ஸென்டெ' உறைந்துபோய், ஒருமை பன்மை பார்க்காத ஒரு இடைச்சொல் மாதிரி ஆகிவிட்டது. நமக்கு இது புதிதல்ல. 'வீட்டிலிருந்து' என்பதில் உள்ள 'இருந்து', 'அதைப் பற்றி' என்பதில் உள்ள 'பற்றி' எல்லாம் வினையெச்சங்கள்தான். இப்போது யாரும் அவற்றை வினையாக நினைப்பதில்லை. நாடகத்தில் வருவது அப்படிப்பட்ட வாய்ப்பேச்சு. பாட்டியின் பேச்சில் இலக்கணப் பிழை பிடிப்பது மாதிரி இதைத் திருத்தக் கிளம்ப வேண்டாம்.

'இன் ஆப்சென்ஷியா' என்பதில் இருப்பது பட்டியலில் உள்ள அஃறிணைப் பன்மையா?

இல்லை, பலரும் இங்கே குழம்புவார்கள். அது தனிப் பெயர்ச்சொல்: 'அப்ஸென்டிய', இல்லாமை, பெண்பால், முதல் வகைப் பெயர். 'இன்' என்ற முன்னிடைச்சொல்லுக்குப் பின்னால் அப்லாடிவ் ஆகிக் கடைசி உயிர் நீள்கிறது: 'இன் அப்ஸென்டியா'. அஃறிணைப் பன்மையின் கடைசி உயிர் குறில், எந்த இடத்திலும் நீளாது.

பட்டமளிப்பு விழா விண்ணப்பத்தில் நேரில் வராமல் தபாலில் பட்டம் வாங்க 'இன் ஆப்சென்ஷியா' என்ற கட்டத்தில் டிக் அடித்தவர்கள், தெரியாமலே ஒரு அப்லாடிவைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். சட்டத்திலும் இது உண்டு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 356ஆம் பிரிவு, தலைமறைவான பிரகடனக் குற்றவாளியை அவர் இல்லாமலே விசாரித்துத் தீர்ப்பளிக்க இடம் தருகிறது.

பாடத்துக்கு ஒரு நல்ல எடுத்துக்காட்டு வாக்கியம்?

அடிமையாக ரோமுக்கு வந்து நாடகக்காரராகப் பெயர் வாங்கிய பப்லிலியஸ் சைரஸின் வரி: 'அப்ஸென்டெம் லைடிட், கும் ஏப்ரியோ க்வீ லீடிகட்.' குடிகாரனோடு சண்டை போடுகிறவன், அங்கே இல்லாதவனைத்தான் புண்படுத்துகிறான். 'அப்ஸென்டெம்' தனியாக நின்று இரண்டாம் வேற்றுமை ஏற்றிருப்பதைக் கவனியுங்கள். நம் வினையாலணையும் பெயர் போலவே.

'அப்சிந்த்' என்ற மதுவுக்கும் இதற்கும்?

சம்பந்தமே இல்லை. அது கிரேக்கத்தின் 'அப்சிந்தியொன்', மாசிபத்திரி இனத்தைச் சேர்ந்த ஒரு கசப்புச் செடியின் பெயர்.